கோப்பை வரிசை

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்புறம், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். மலைச்சரிவுகளை அளந்து, எங்கே தடுப்புச் சுவர் கட்டலாம், எங்கே கட்டக்கூடாது, தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் எந்த லயத்திலிருந்து ஆட்களை எழுப்ப வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அங்கே வேலை. ஐந்து பொறியியலாளர்கள், ஐந்து கம்பியூட்டர்கள். சாவி மட்டும் இரண்டு.

சாவி என்றால் பூட்டுச் சாவி அல்ல. சரிவுக் கணக்குப் போடும் மென்பொருள் ஐந்து கம்பியூட்டர்களிலும் இருந்தது. ஆனால் கொழும்புத் தலைமை அலுவலகம் ஒரே நேரத்தில் இரண்டு பேர் திறப்பதற்குத்தான் பணம் கட்டியிருந்தது. மூலையில் ஓர் இரும்பு அலுமாரியின் மேல் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று. அதன் பின்னால் விரல் நீளத்தில் இரண்டு கறுப்புக் கட்டைகள் செருகியிருக்கும். ஒரு கட்டை ஓர் ஆளை உள்ளே விடும். யார் வேண்டுமானாலும் தன் மேசையிலிருந்தே அதை எடுக்கலாம், முடிந்ததும் மென்பொருளை மூடி விட்டுவிட வேண்டும். மூன்றாவது ஆள் திறக்கப் பார்த்தால், இடமில்லை என்று திரையில் ஒரு வரி வந்து நிற்கும். விற்ற கம்பனியின் தாளில் அதற்கு ‘மிதக்கும் உரிமம்’ என்று பெரிய பெயர் இருந்தது. அலுவலகத்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. “சாவி யாரிட்ட?” என்பதுதான் காலை வணக்கம்.

கலாராணி இரண்டாயிரமாம் ஆண்டு அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது, சாவிக்காக அன்றாடம் சண்டை நடந்துகொண்டிருந்தது. காலையில் முதலில் வருபவன் கிஷாந்தன். யாழ்ப்பாணத்துக்காரன், தொண்ணூற்றைந்தில் ஊரைவிட்டு வந்தவன், வேலையில் கெட்டிக்காரன். வந்ததும் மென்பொருளைத் திறந்து வைத்துவிடுவான். தேநீர் குடிக்கப் போனாலும் மூடமாட்டான், சாப்பிடப் போனாலும் மூடமாட்டான்.

“கிஷாந்தன் எங்க?” என்று கலாராணி ஒருநாள் கேட்டாள்.

“ரொட்டிக் கடைக்கு,” என்றாள் பக்கத்து மேசை ஹம்ஸியா. அவள் பதுளை நகரத்துக்காரி; கையில் எப்போதும் அளவுகோல் இருக்கும். “சாவிய மடியில கட்டிக்கிட்டுப் போயிட்டார்.”

கிஷாந்தன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். கலாராணி சொன்னாள்: “தோட்டத்துல எல்லாரும் தண்ணி புடிக்கிற பீலிய நான் பாத்திருக்கேன். அங்க யாராச்சும் இப்படித் தண்ணியத் தெறந்துவிட்டுட்டு வீட்டுக்குப் போனா, வாளிய பள்ளத்துல உருட்டி விட்டுருவாங்க.”

“இப்ப நான் வாளியோ?”

“வாளி நெறஞ்சு வழியுதுங்க. நீங்க ரொட்டி சாப்பிட்டுட்டு வாறீங்க.”

ஹம்ஸியா அளவுகோலால் மேசையைத் தட்டிச் சிரித்தாள். தலைமைப் பொறியியலாளர் வீரசிங்கம் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “மூண்டு வருசமா இன்னும் ரெண்டு கட்டை தாங்கோ எண்டு கொழும்புக்கு எழுதிறன். பதிலில்லை. உங்கட பீலியில என்ன செய்யிறவை எண்டாவது சொல்லும் பாப்பம்.”

அவள் சொன்னாள். பீலியில் ஆள் நிற்க வேண்டியதில்லை, வாளி நின்றால் போதும். வாளி எந்த இடத்தில் நிற்கிறதோ அதுதான் அந்த ஆளின் இடம். அடுத்தவர் வாளியை யாரும் தொடமாட்டார்கள். கைக்குழந்தைக்காரி வந்தால் மட்டும் எல்லாரும் வழிவிட்டு அவள் வாளியை முன்னால் வைப்பார்கள்.

அப்படித்தான் கோப்பை வரிசை வந்தது. சாம்பல் பெட்டியின் முன்னால், அலுமாரியின் மேல், சாவி வேண்டியவர்கள் தங்கள் தேநீர்க் கோப்பையை வரிசையாக வைப்பார்கள். கிஷாந்தனுடையது காது உடைந்த கிரிக்கெட் கோப்பை. ஹம்ஸியாவுடையது ரோஜாப்பூப் போட்டது. கலாராணியுடையது எவர்சில்வர் டம்ளர். பத்து நிமிஷ வேலைதான் என்றால் கோப்பையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். கவிழ்த்த கோப்பைக்கு மற்றவர்கள் மனமிரங்கி இடம் விடுவது உண்டு. வேலை முடிந்தவர் “விட்டாச்சு!” என்று குரல் கொடுப்பார். முதல் கோப்பைக்காரர் எடுப்பார். கூட்டித் துடைக்க வரும் ஸகீனா ஒருமுறை எல்லாக் கோப்பைகளையும் கழுவி அடுக்கிவிட்டுப் போனதால் அரைநாள் நீதிமன்றம் நடந்ததைத் தவிர, அதில் குறை வரவில்லை.

கலாராணி சொல்லாமல் விட்டது ஒன்றுதான். பீலியை அவள் ‘பார்த்த’வள் அல்ல. தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், லயத்து ஏழாம் நம்பர் காம்பராவில், ஒற்றை அறை வீட்டில் பிறந்து, அந்தப் பீலியில் வாளியோடு வெறுங்காலில் நின்று வளர்ந்தவள். அம்மா ஜெயலெட்சுமி கொழுந்து பறிப்பவள். அப்பா வீரய்யா தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை. ஸ்கொலர்ஷிப்பில் பதுளையில் படித்து, பேராதனைக்குப் போய்ப் பொறியியல் முடித்தாள். பயிற்சிக்காகப் போயிருந்த இன்னோர் அலுவலகத்தில், தன் வீடு லயம் என்று சொன்ன நாளிலிருந்து தேநீர் கொண்டுவரச் சொல்வது அவளிடம் என்று ஆகிப்போனது. யாரும் திட்டவில்லை, யாரும் கேலி செய்யவில்லை. கேட்பது மட்டும் அவளிடம். அதற்குப் பிறகு அவள் முகவரி, பசறை வீதியில் தான் தங்கியிருந்த வீட்டின் முகவரிதான். ஊர் எது என்று கேட்டால், “தெமோதரைப் பக்கம்” என்பாள். தெமோதரைப் பக்கம் ஸ்டேஷனும் இருக்கிறது, கடைகளும் இருக்கின்றன. கேட்பவர்கள் விருப்பப்படி எதையாவது நினைத்துக்கொள்ளட்டும்.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு ஐப்பசி மழை தொடங்குமுன், அந்தக் கீழ்ப்பிரிவின் கோப்பே அவள் மேசைக்கு வந்தது. லயத்துக்கு மேலே தேயிலை மலையில் வெடிப்பு ஓடியிருப்பதாகத் தோட்டத்திலிருந்து எழுதியிருந்தார்கள். களத்துக்குப் போய் அளக்க வேண்டியவள் அவள். போனால் அம்மா எல்லார் முன்னாலும் “ஏ புள்ள, சாப்டியா?” என்று கூப்பிடுவாள் என்று நினைத்தாள். எப்போதும் களத்திலேயே திரியும் ரஜீவைத் தன் இடத்தில் அனுப்பிவிட்டு, அவன் கொண்டுவந்த அளவுகளை வாங்கிக்கொண்டாள். அதில் ஒரு கிழமை, ஏழு நாள், தாமதமானது. அவசரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனாள். அம்மா கதவை இடுப்பால் முட்டிக்கொண்டிருந்தாள்.

“மழையில மரம் ஊதிருச்சு. மூட மாட்டேங்குது,” என்றாள் ஜெயலெட்சுமி.

“எத்தனை நாளா?”

“ஒரு வாரமிருக்கும். பக்கத்து வீட்லயும் அப்படித்தான். பீலித் தண்ணியும் ஒரே சேறு.”

கலாராணி நிலையைத் தொட்டுப் பார்த்தாள். மரம் ஊதவில்லை. நிலை சாய்ந்திருந்தது. வீட்டுக்கு அடியில் நிலம் நகர்ந்துகொண்டிருந்தது.

“வேற எங்கயாச்சும் போங்கம்மா. இன்னிக்கே.”

“எங்க போறது? தொர சொல்லாம எந்தக் கட்டடத்த தொறப்பாங்க? இருபது குடும்பமும் ஒன் போர்டிங்குக்கா வரும்?”

தோட்டத்தை நடத்தும் துரை ஏற்கனவே சொல்லிவிட்டார்: கையெழுத்திட்ட அறிக்கை வரட்டும், பார்க்கலாம். அறிக்கை எழுத வேண்டியது கலாராணி. புதிய வீடுகளுக்குப் பணம் கொடுக்கும் குழுவும் கொழும்பில் அடுத்த திங்கட்கிழமை கூடுகிறது. அதற்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் போகும் ஜீப்பில் அறிக்கை போயாக வேண்டும். தவறினால் அடுத்த வருடம்.

திங்களும் செவ்வாயும் அவள் டம்ளரோடு வரிசையில் நின்றாள், கிடைத்த கொஞ்ச நேரத்தில் மண் விவரங்களை மட்டும் தட்டி முடித்தாள். புதன்கிழமை மத்தியானம் இடி விழுந்தது. விளக்குகள் போய் வந்தன. சாம்பல் பெட்டி மறுபடி இரைந்தது. ஆனால் அதன் பின்னாலிருந்து தீய்ந்த ரப்பர் மணம் வந்தது. வீரசிங்கம் ஒரு கட்டையைக் கழற்றி முகர்ந்து பார்த்தார்.

“பிள்ளையள், இது முடிஞ்சுது. கொழும்பிலயிருந்து வேற வர ரெண்டு கிழமையாகும். அதுமட்டும் ஒண்டுதான்.”

“ஐயோ சேர்!” என்று எழுந்துவிட்டான் கிஷாந்தன். “எனக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ்!”

அவன் எங்கே போகிறான் என்று மாடியில் மட்டுமல்ல, கீழே துணிக்கடையிலும் தெரியும். சமாதானம் வந்து யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்தது. ஏழு வருடமாகப் பார்க்காத அம்மாவிடம் தீபாவளிக்குப் போகிறான். மேசைக்கு அடியில் ஒரு பெட்டி நிறையப் பண்டாரவளைப் பேரிக்காய் வாங்கி வைத்திருந்தான். “ஊருக்குப் போறதுக்குள்ள அது கஞ்சியாகிரும்,” என்று ஹம்ஸியா தினமும் சொல்வாள். அவன் தினமும் ஒரு காயை அழுத்திப் பார்ப்பான்.

“பெரகல அறிக்கையை என்ர மேசையில வச்சிட்டுப் போம். நான் மறிக்கேல்லை,” என்றார் வீரசிங்கம். பெரகல சந்திக்குக் கீழே சாலைக்காக வெட்டிய மண்மேடு ஒன்றின் கணக்கு அது. பாதிதான் முடிந்திருந்தது.

வியாழன் காலை அலுமாரியின் மேல் முதல் இடத்தில் காது உடைந்த கோப்பை நின்றது. அடுத்தது எவர்சில்வர் டம்ளர். ஒரு சாவி, அதில் கிஷாந்தனின் வேலை முடிய வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆகும். வெளியே மழை விடவேயில்லை.

கலாராணி எழுந்து போய்த் தன் டம்ளரைத் தூக்கி, அவன் கோப்பைக்கு முன்னால் வைத்தாள்.

இரண்டு வருடத்தில் யாரும் செய்யாத காரியம். ஹம்ஸியாதான் முதலில் பார்த்தாள். “கலா! என்ன வேல இது?”

கிஷாந்தன் திரும்பினான். கோபப்படுவதற்கு முன் அவனுக்குச் சிரிப்பு வந்தது. “விடும் ஹம்ஸியா. சட்டம் போட்ட ஆளே உடைக்கிறா, நாங்கள் என்ன செய்யிறது?” பிறகு சிரிப்பு நின்றது. “உமக்கு ஒண்டு கேக்கட்டா? நீர் கடைசியா எப்ப உம்மட அம்மாவைப் பாத்தனீர்?”

“ஞாயித்துக்கெழம.”

“எனக்கு ஏழு வருசம்.”

“தெரியுங்க.” அவள் டம்ளரிலிருந்து கையை எடுக்கவில்லை. “அந்தக் கீழ்ப்பிரிவு லயத்துல ஏழாம் காம்பரா எங்க வீடு. அம்மாவும் அப்பாவும் அங்கதான் இருக்காங்க. கதவு மூட மாட்டேங்குது, கிஷாந்தன்.”

கதவு மூடவில்லை என்றால் என்ன என்று அந்த அறையில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வீரசிங்கம் தன் அறை வாசலுக்கு வந்து நின்றிருந்தார்.

“நீர் ஏன் இதை முதலே சொல்லேல்லை?” என்றான் கிஷாந்தன்.

அவளுக்கு அதற்குப் பதில் இருந்தது. அது இந்த அறையில் இருந்த யாரைப் பற்றியதுமல்ல என்பது அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. இரண்டு வருடமாக, வேறு யாரோ நடந்துகொண்டதற்கு இவர்களிடம் ஒளிந்திருக்கிறாள்.

கிஷாந்தன் எழுந்து வந்து, தன் கோப்பையை எடுத்து அவள் டம்ளருக்குப் பின்னால் வைத்தான். “கைக்குழந்தைக்காரி முன்னுக்கு எண்டு நீர்தானே சொன்னீர். போம், போய் ஓட்டும்.”

அதற்குள் வீரசிங்கம் தோட்டத்துக்கு ஃபோன் பண்ணிக்கொண்டிருந்தார். துரையோடு இங்கிலீஷில் தொடங்கி, சிங்களத்தில் சத்தம் போட்டு, மறுபடி இங்கிலீஷில் முடித்தார். “முழு அறிக்கை பிறகு வரட்டாம். கையெழுத்து வச்ச ஒரு பக்கம் ஃபக்ஸில வந்தா குழந்தையளைப் பாக்கிற பிள்ளைக்காம்பராவைத் திறந்து ஆக்களை ஏத்திறாராம். கலா, முதல் கணக்கு எனக்கு எப்ப வரும்?”

அவள் உட்கார்ந்து மென்பொருளைத் திறந்தாள். மலையை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்க்கும் முதல் வெட்டுமுகத்தின் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டினாள். ரஜீவின் வரைபடத்தைப் பிரித்து, ஓர் உயரத்தைத் தேடி, சரிபார்த்து, அடுத்ததைத் தட்டினாள். மத்தியானத்தை நெருங்கியபோதுதான் எல்லாம் உள்ளே போயிருந்தது. கணக்கை ஓட்டினாள். ஓடி முடிய ஒரு தேநீர் ஆறும் நேரம்கூட ஆகவில்லை. விடை ஒன்றுக்கு மேல் இருந்தால் சரிவு நிற்கும். ஒன்றுக்குக் கீழே வந்திருந்தது.

வீரசிங்கம் கையெழுத்துப் போட்டார். ஹம்ஸியா தாளை ஃபக்ஸில் விட்டுவிட்டு, அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள் என்று தெரியும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

இன்னும் இரண்டு வெட்டுமுகங்கள் இருந்தன. அடுத்ததைத் தட்டத் தொடங்கிய கலாராணி, பின்னால் கிஷாந்தன் பேரிக்காய்ப் பெட்டியைத் திறந்து மூடுவதைக் கேட்டாள். அந்தச் சத்தம்தான் அவளுக்குத் தாங்கவில்லை. விரல் நின்றது. அலுவலகத்துக்கு அவள் சொல்ல மறந்த இன்னொரு சட்டம் பீலியில் இருந்தது. அம்மா அதற்காக அவள் முதுகில் இரண்டு வைத்ததும் உண்டு: பீலிக்கு வந்து வாளி கழுவக்கூடாது. கழுவின வாளியோடு வந்து நில்லு, பிடி, போ.

காலை முழுக்க அவள் செய்தது வாளி கழுவுவதுதான். எண்களைத் தட்டவும், வரைபடத்தைத் தேடவும் சாவி எதற்கு? அந்த மென்பொருள் ஏற்றுக்கொள்ளும் எண் பட்டியலைச் சாதாரண எழுத்துப் பக்கத்திலேயே எழுதிவிடலாம். சாவி ஓட்டுவதற்கு மட்டும்தான் வேண்டும். இத்தனை நாளும் ஐந்து பேரும் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு யோசித்திருக்கிறார்கள்.

“விட்டாச்சு!” என்றாள்.

கிஷாந்தன் நம்பவில்லை. “என்ன, முடிஞ்சுதோ?”

“இல்ல. வாளி கழுவப் போறேன். நீங்க எடுங்க. எடுத்து ஓட்டிட்டு, ஒங்க வாளியையும் வெளியிலயே கழுவுங்க.”

அவனுக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. விளங்கியதும் நெற்றியில் அடித்துக்கொண்டான். “ரெண்டு வருசம்! ரெண்டு வருசம் நாங்கள் இதுக்கே அடிபட்டனாங்கள்?”

“நீங்க மூணு,” என்றாள் ஹம்ஸியா. “கலா வாறதுக்கு முந்தியும் நீங்கதான் அடிபட்டீங்க.” தன் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு, வரைபடத்தை இரண்டு மேசைக்கும் நடுவில் விரித்து அளவுகோலோடு உட்கார்ந்தாள். அவள் உயரங்களைப் படித்தாள். ஒருவர் எழுத, மற்றவர் ஓட்டினார். வெள்ளிக்கிழமை மத்தியானம்வரை அந்த ஒரு கட்டை ஓயவில்லை. அலுமாரியின் மேல் கோப்பையும் டம்ளரும் இடம் மாறிக்கொண்டேயிருந்தன. பெரகலச் சரிவு நிற்கும் என்று வந்தது. கிஷாந்தன் கை தட்டினான். கீழ்ப்பிரிவின் மற்ற இரண்டு வெட்டுமுகங்களும் நிற்காது என்று வந்தன. அதற்குள் தோட்டத்திலிருந்து செய்தி வந்திருந்தது: இருபது குடும்பமும் பிள்ளைக்காம்பராவில். ஏழாம் நம்பர் ஜெயலெட்சுமி மட்டும் கோழிக்கூட்டை விட்டு வரமாட்டேன் என்று நின்று, கூட்டோடு ஏற்றப்பட்டிருக்கிறாள்.

“உம்மட அம்மாதானே?” என்றான் கிஷாந்தன்.

“எங்க அம்மாதான்,” என்றாள் கலாராணி. அந்த வார்த்தையை அந்த மாடியில் சொல்வது அவ்வளவு சுலபமாக இருந்தது.

பின்னேரம் ஜீப் அறிக்கையோடு கொழும்புக்குப் போனது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போய்விடலாம் என்று கிஷாந்தனும் பேரிக்காய்ப் பெட்டியும் அதே ஜீப்பில் போனார்கள். பஸ்ஸுக்குக் கொடுத்த காசு வீண் என்று அவன் சொல்லிக்கொண்டே ஏறினான். கலாராணி ஜன்னலில் நின்று பார்த்தாள். நன்றி என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். அவர்கள் பக்கத்தில் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. அவன் கோப்பையைக் கழுவித் துடைத்து, வரிசையின் முதலிடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அவன் திரும்பி வரும்வரை அதை யாரும் தொடவில்லை, ஸகீனா உட்பட.

குழு பணம் கொடுத்தது. மலைக்கு மறுபக்கம், கெட்டியான நிலத்தில் வீடுகள் எழுந்தன. கடைக்கால் வெட்டும் முதல் நாளிலிருந்து கலாராணியே களத்தில் நின்றாள். அம்மா எல்லார் முன்னாலும் “சாப்டியா?” என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று அவளும் எல்லார் முன்னாலும் பதில் சொன்னாள். மறுவருட மழையில் பழைய லயத்தின் மேல் மலை இறங்கியது. பீலியும் ஏழாம் காம்பராவும் மண்ணுக்குள் போயின. உள்ளே ஒரு கோழிகூட இல்லை.

அதற்கு அடுத்த கிழமை, ஒரு வாழைக்குலையும் ஒரு பை பேரிக்காயுமாக ஜெயலெட்சுமி மாடிப்படி ஏறி வந்தாள். புதுச் சேலை, ஈரக் குடை.

“யாருங்க கிஷாந்தன் தம்பி?”

கிஷாந்தன் எழுந்து நின்றான். பையைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். “அம்மா, நான் கொண்டுபோன பேரிக்காய் முழுக்க ஓமந்தைச் சாவடியில ஆமிக்காரர் சோதினை எண்டு குத்திக் குத்திக் கஞ்சியாப் போட்டுது. என்ர அம்மா அதையும் வடிச்சுக் குடிச்சவ.”

“இது நல்ல காய். அம்மாவுக்கு அனுப்புங்க தம்பி,” என்றாள் ஜெயலெட்சுமி. “அந்தச் சாவியத்தான் ஒருக்காப் பாக்கணும். புள்ள சொல்லிக்கிட்டே இருக்கு.”

வீரசிங்கம்கூட வெளியே வந்துவிட்டார். கிஷாந்தன் அவளை அலுமாரியிடம் கூட்டிக்கொண்டு போய், பெட்டியின் பின்னால் குனிந்து காட்டினான். கொழும்பிலிருந்து வந்த புதுக் கட்டையும் பக்கத்தில் இருந்தது; அவன் பழையதைத் தொட்டான். “இதுதான் அண்டைக்கு மிஞ்சினது.”

“இவ்வளவுதானா?” என்றாள் ஜெயலெட்சுமி. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் பார்த்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, குங்குமத்தைத் தொட்டு, சாம்பல் பெட்டியின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள்.

“அம்மா, அது கரண்டுல ஓடுற பெட்டி…” என்று தொடங்கினாள் கலாராணி.

“இருக்கட்டும் புள்ள,” என்றாள் ஹம்ஸியா. “அதுவும் ஒரு பெருநாள் பாக்கட்டும்.”

சில வருடங்கள் கழித்துக் கொழும்புத் தலைமை அலுவலகம் எல்லாருக்கும் போதுமான சாவிகளை வாங்கியது. அலுமாரியின் மேல் கோப்பைகள் நிற்க வேண்டிய தேவை போயிற்று. பழைய பெட்டியைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பச் சொன்னபோது, ஸகீனா ஈரத்துணியோடு அதைத் துடைக்க வந்தாள். அதற்குள் தலைமைப் பொறியியலாளராகியிருந்த கலாராணி எழுந்து வந்தாள்.

“மத்த எடமெல்லாம் தொடைங்க அக்கா,” என்றாள். “பொட்ட மட்டும் விட்டுருங்க.”